இருபத்தாறாவது ஆள்

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பு கெடக்கட்டும், பரவாயில்லை. இந்தச் சேர்ல உக்காருங்க. அட, கூச்சப்படாதீங்க. இந்த ஆபீசுல நின்னுட்டுப் பேசக் கூடாது, அது எங்க சங்கத்துல மொத விதி. கரூர்ல இருந்தா வர்றீங்க? ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருப்பீங்க, பாவம். போன்ல சொன்னாங்க. உங்க பெட்ஷீட் கம்பெனியையும் மொதலாளி மூடப் போறாராமா, நீங்கெல்லாம் சேந்து அதைக் கூட்டுறவா மாத்தி நடத்தலாம்னு பாக்கறீங்களாமா. நல்ல யோசனைங்க. எங்களைத்தான் எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. நோட்டைத் திறந்து வெச்சுக்கோங்க, நான் சொல்றதை எழுதிக்கலாம். என்ற பேரு தெய்வாத்தாள். தலைவர் தெய்வாத்தாள்னு போட்டுக்கோங்க.

ஏ சீலி! ஒறம்பறை வந்திருக்காங்க, ரெண்டு டீ!

பெருமாநல்லூர் ரோட்டுல வர்றப்ப போர்டு பாத்தீங்களா? அந்தப் போர்டு நான் வெச்சது. முன்னால நாச்சிமுத்து மொதலாளி பேருதான் இருந்துச்சு. கொழந்தைங்க ஜட்டி, பனியன் போடற கம்பெனிங்க. நான் இங்க இருபத்திரண்டு வருசமா ஓவர்லாக் டெய்லர். உங்க ஊர்ல எப்பிடியோ, இந்தத் தொழில்ல டெய்லர் வேற, கைமடி வேற. டெய்லர் மிஷின்ல உக்காந்து அடிப்பா. கைமடி பக்கத்துல நின்னு பீசை எடுத்துக் கொடுக்கோணும், மடிச்சுப் போடோணும், நூலு வெட்டோணும். டெய்லர் ஏதாச்சும் சொன்னா வாங்கிக்கோணும். எட்டு மணி நேரமும் நின்னாகோணும். கைமடிக்குச் சேர் கெடையாது. அது அப்பிடித்தானுங்க, சாமி போட்ட வழி.

வெச்சுட்டுப் போ சீலி. பாத்து, மேசையில சிந்தாத. என்னங்க அம்மிணி, அவளுக்குப் போயி தேங்க்ஸ் சொல்றீங்க. குடிங்க, ஆறிரும்.

மொதலாளி பையன் ஆஸ்திரேலியாவுல தங்கிட்டான். மொதலாளிக்கு முட்டி வலி, சர்க்கரை. ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, அடுத்த வருசம் தை மாசத்தோட மூடறேன்னுட்டாரு. நாங்க நாப்பது பொம்பளைங்க ஓன்னு அழுதோம். அழுகறதைத் தவிர என்ன தெரியும் நமக்கு? அப்ப ஒரு கைமடி முன்னால வந்தா. பாக்கியசீலின்னு பேரு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருசனும் அவளும் பொழைக்க வந்தவங்க, கொழந்தை இல்லை, கிறிஸ்துவங்க. இப்ப டீ கொண்டாந்தாளே, அவதான்.

அவ கையில ஒரு புத்தகம். கோயமுத்தூர்ல ஒரு அமைப்பு இருக்குதுங்களாமா, மூடற கம்பெனியைத் தொழிலாளிங்க எப்பிடிக் கூட்டுறவா மாத்தறதுன்னு சொல்லித் தர்றவங்க. அங்க போயி மூணு நாள் பயிற்சி எடுத்துட்டு, புத்தகமும் வாங்கிட்டு வந்திருக்கறா. மூணு நாளும் மாமியா செத்துப்போச்சுன்னு பொய் சொல்லி லீவு! அவ மாமியா செத்துப் பத்து வருசம் ஆச்சாமா. இவ எப்பிடிப்பட்டவன்னு அப்பவே நாம தெரிஞ்சுட்டிருக்கோணும்.

மத்தியானம் நாங்க தூக்குப்போசியைத் திறந்தா இவ புத்தகத்தைத் திறப்பா. ரெண்டு வாய் தின்னும் திங்காம, நின்னுட்டே வாசிப்பா. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. எல்லாரும் பங்கு போடோணும். எல்லாரும் பேசோணும். எங்களுக்குச் சிரிப்பா வரும். ஒரு கைமடி நின்னு பேச, டெய்லருங்க உக்காந்து கேக்கறதான்னு ரங்கநாயகி அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்குவா. ரங்கநாயகி எனக்கு அடுத்த மிஷினுங்க. இப்பப் பொருளாளர் அவதான்.

பதிவு ஆபீசுல இருபத்தஞ்சு பேரு வேணும்னு சொல்லிட்டாங்க. அதுக்குக் கீழ ஒரு ஆள் கொறைஞ்சாலும் சங்கமே இல்லையாமா. இவ வீடு வீடாப் போயி இருபத்தஞ்சு பேரைச் சேத்துட்டா. அதோட விட்டிருக்கலாம். என்ற வீட்டுக்கும் வந்தா. நான் மாட்டேன்னேன். மறுபடி வந்தா. "இருபத்தஞ்சுதான் ஆயிப் போச்சில்ல, என்னை என்னத்துக்குக் கூப்பிடறே"ன்னு கேட்டேன். "ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிட்டாலும் சங்கம் நின்னுறக் கூடாதுல்லாக்கா. ஒரு ஆள் கூட இருந்தா தைரியம்லா"ன்னா. அஞ்சாந்தடவை வந்தப்ப நல்ல மழைங்க. வாசல்ல நின்னுட்டுத்தான் பேசுனா, நான் உள்ள கூப்பிடலை, வீடெல்லாம் ஈரமாயிரும். "சரி, என்னையத் தலைவராப் போட்டா வர்றேன்"னேன். "மூத்தவுக நீங்கதானக்கா, நீங்களே இருங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனா. அப்பிடித்தானுங்க நான் தலைவரானது. போட்டியே இல்லை. எழுதிக்கோங்க அம்மிணி. ஒண்ணும் எழுத மாட்டேங்கறீங்களே.

பதினாலு மாசம் ஓடுனா. பதிவு ஆபீசு, பேங்கு, கரண்டு ஆபீசு, மொதலாளி வூடு. மொதலாளி இவளை வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்க வெப்பாராமா. நின்னுட்டே இருப்பாளாமா. கடைசியில அந்த மனுசனே எளகி, மிஷினையும் கட்டடத்தையும் எங்களுக்கே விட்டாரு. பேப்பர் கைக்கு வந்த அன்னைக்கு இவ வந்து என்ற கையைப் பிடிச்சுட்டு அழுதா. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. கைமடி கையி சொரசொரன்னு இருக்கும், நூலு வெட்டி வெட்டி.

புத்தகத்துக்குப் பின்னால மாதிரி விதிங்க இருந்துச்சு. வெத்து எடம் விட்டு அச்சடிச்சிருந்தாங்க, நம்ம கம்பெனிக்குத் தக்கன நாமளே பேசி எழுதிக்கோணும். இவ ஒவ்வொண்ணா வாசிச்சு, எல்லாரையும் கேட்டுக் கேட்டு எழுதுனா. அவளா யோசிச்சு எழுதுனது மூணே மூணு. மொத விதி, இந்த ஆபீசுல யாரும் நின்னுட்டுப் பேசக் கூடாது, உக்காந்துதான் பேசோணும். மொதலாளி முன்னால நின்னு நின்னு கால் மரத்தவ, அதனால எழுதியிருப்பா. எல்லாரும் கை தட்டுனோம். இப்ப அதைக் கொஞ்சம் மாத்திட்டோம், உறுப்பினர் யாரும் நிக்கக் கூடாதுன்னு. டீ கொண்டாறவளுக்கெல்லாம் சேர் போட முடியுங்களா?

ரெண்டாவது, தொடந்து மூணு கூட்டத்துக்கு வராதவங்க உறுப்பினரா இருக்க முடியாது. இது எதுக்குன்னா, ஆரம்பத்துல ஒருத்தியும் கூட்டத்துக்கு வர மாட்டா. நானே ரெண்டு கூட்டத்துக்குப் போகலை. மூணாவது கூட்டத்தன்னைக்கு அடுப்புல கொழம்பு கொதிக்குது, இவ சைக்கிள்ல வந்து நிக்கறா. "இன்னைக்கும் வரலைன்னா உங்க பேரு போயிரும்க்கா, எந்திரிங்க"ன்னு அடுப்பை அணைச்சு, என்னையப் பின்னால உக்கார வெச்சு மிதிச்சுட்டுப் போனா. கொழம்பு வீணாப் போச்சு. அதை அவகிட்டச் சொல்லிக்கவே இல்லை நான்.

மூணாவது விதிதானுங்க கேடு. மாசத்துல ஒரு வாரம் டெய்லரு கைமடி வேலை பாக்கோணும், கைமடி மிஷின்ல உக்காரோணும். எல்லா வேலையும் எல்லாரும் கத்துக்கிட்டாத்தான் கூட்டுறவு நிக்கும்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்குதாமா. கைமடிங்க பதினாலு பேரு, நாங்க பன்னண்டு. கையைத் தூக்குனா அவங்கதானே எச்சு? நிறைவேறிருச்சு.

சொல்லுங்க அம்மிணி, இது அடுக்குமா? இருபத்திரண்டு வருசம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவங்கவங்க மிஷினை அவங்கவங்கதான் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெப்போம். அடுத்தவ தொட மாட்டா. என்ற மிஷினுக்கு நான் பட்டுத்துணி சாத்துவேன். அந்த மிஷின்ல இவ வந்து உக்காந்தா. நான் பக்கத்துல நின்னு பீசு எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம். கால் வீங்கிருச்சு. என்ற குங்குமத்தை அவ அழிக்கலை, அதையும் சொல்லிர்றேன். அந்த எடத்துல கை படாம ஒதுங்கி ஒதுங்கித்தான் அடிச்சா. "கால் வலிக்காக்கா, சித்த நேரம் உக்காந்துக்கிடுங்க"ன்னு வேற கேட்டா. எனக்கு அதெல்லாம் கூடப் பெரிசில்லை. அந்த வாரம் அவ அடிச்சதுல ஒரு பீசு கூடத் திரும்பி வரலைங்க. ஒண்ணு கூட. செக்கிங்ல எடுத்துப் பாத்துட்டு, "அக்கா, இந்த வாரம் உங்க மிஷின் பீசு நல்லா இருக்குது"ன்னாங்க. அதுதான் எனக்குப் பொறுக்கலை. பொய் சொல்ல மாட்டேன்.

அந்தச் சமயத்துல அவ புருசனுக்குக் கிட்னி போயிருச்சு. வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காலையில கூட்டிட்டுப் போயி ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வரோணும். பாவம்தான். நான் இல்லைங்கல. நானே ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன்.

கூட்டம் அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை நடந்துட்டு இருந்துச்சு. ரங்கநாயகி சொன்னா, ஞாயித்துக்கிழமை கறி எடுக்கற நாளு, வீட்ல ஆம்பளைங்க சத்தம் போடறாங்கன்னு. சரின்னு வெள்ளிக்கிழமைக்கு மாத்துனோம். வெள்ளிக்கிழமை நல்ல நாளுங்க, மகாலட்சுமி நாளு. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுரும், அதனால ஒன்பதரைக்கு. நாங்க நாளும் நேரமும் பாத்துத்தான் வெச்சோம். இவ வரக் கூடாதுன்னே வெச்சோம்னு வெளிய பேசறாங்க. அப்பிடி இல்லைங்க. இவளை நெனைச்சுக்கூடப் பாக்கலை.

வந்து கேட்டா. "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்க்கா. ஞாயித்துக்கிழமையே இருக்கட்டும், நான் கோயிலுக்குப் போகாமக்கூட வாரேன்"ன்னா. "சாமி கும்பிடற நாளைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம் சீலி"ன்னுட்டேன். "சாயங்காலம் வைங்கக்கா, அஞ்சு மணிக்குத் திரும்பிருவேன்"ன்னா. பொழுதோட வெளக்கு வெக்கற நேரம், பொம்பளைங்க வீட்ல இருக்க வேண்டாமுங்களா? இவ எத்தனை கேட்டாலும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாயம் நம்மகிட்ட இருந்துச்சு.

மொதக் கூட்டத்துக்கு வரலை. ரெண்டாவதுக்கும் வரலை. நான் சைக்கிள் ஓட்டப் பழகலை, பழகியிருந்தாலும் அவ்வளவு தூரம் யாரு போறது? மூணாவதுக்கு முந்துன வாரம் நான் கைமடிங்களைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனேன். அவளுக வருசக்கணக்கா ஸ்டூலு கேட்டுட்டு இருந்தாளுக, டெய்லர் அடிச்சு முடிக்கற வரைக்குமாச்சும் உக்காரலாம்னு. சீலிதான் அதுக்கும் மனு எழுதிட்டிருந்தா. "நான் வாங்கிப் போடறேன்"னேன். "வெள்ளிக்கிழமை மட்டும் நான் சொல்றப்பக் கையைத் தூக்குங்க, தூக்குனா அடுத்த நாளே ஆளுக்கு ஒரு ஸ்டூலு"ன்னேன்.

மூணாவது கூட்டத்தன்னைக்கு அவ பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு சீட்டு கொடுத்து விட்டிருந்தா. சீட்டு வந்தா ஆளு வந்த மாதிரி ஆகுமுங்களா? அவ எழுதுன விதியில வராதவங்கன்னுதான் இருக்குது, சீட்டுக் கொடுக்காதவங்கன்னு இல்லை. இருந்தாலும் மனசு கேக்கலை, யாராச்சும் வாசிங்கன்னேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். படிச்சவளுக ஏழெட்டுப் பேரு உக்காந்திருந்தாளுக. ஒருத்தி கண்ணாடி எடுத்துட்டு வரலைன்னா. ஒருத்தி எழுத்துப் புரியலைன்னா. சரின்னு மடிச்சு வெச்சுட்டேன். மணி பத்தாச்சு. ராகு காலத்துக்கு முந்தி முடிக்கோணும். கையைத் தூக்குங்கன்னேன். எல்லாரும் தூக்குனாங்க. மரகதம்னு ஒரு கைமடி, அவ மட்டும் தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. நான் அவளையே பாத்துட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல அவளும் தூக்கிட்டா.

இருபத்தாறுல ஒண்ணு போனா இருபத்தஞ்சு. சட்டத்துக்குச் சரியா இருந்துச்சு. ஒண்ணு எச்சாச் சேத்து வெச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க!

அந்தச் சீட்டா? அப்புறம் ஒரு நாள் வாசிச்சாங்க. புருசனைப் பெரிய வார்டுக்கு மாத்தியிருக்காங்க, என் பேரை எடுத்துராதீங்க, ஞாயித்துக்கிழமை வந்து எல்லார் கால்லயும் விழறேன்னு எழுதியிருந்தா. அவன் அடுத்த மாசமே போயிட்டான். நாங்க எல்லாரும் எழவுக்குப் போனோம், மாலைகூடச் சங்கத்துப் பேர்ல போட்டோம். இப்ப வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு வேலையும் கெடையாது, சும்மாத்தான் இருக்கறா. என்ன பண்றது, இப்ப உறுப்பினர் இல்லையே.

வேலைக்கு நாந்தான் வரச் சொன்னேன். தினக்கூலி. கைமடி வேலை, டீ வாங்கறது, கூட்டறது. ரெண்டாவது விதி அப்பிடியே இருக்குது, மூணாவதை எடுத்துட்டோம். என்ற மிஷின் எனக்கு வந்துருச்சு. சொன்ன மாதிரியே ஸ்டூலும் வாங்கிப் போட்டேன். பதினாலு வாங்கிட்டேனுங்க, பாக்கப் போனா பதிமூணு கைமடிதான் உறுப்பினர். அதோ அந்த மூலையில தண்ணிக்கேனுக்கு அடியில ஒரு ஸ்டூலு இருக்குதே, அதுதான் மிச்சம்.

மாசாமாசம் மனு கொடுப்பா, மறுபடி சேத்துக்கச் சொல்லி. கூட்டத்துல வெக்கறது தலைவர் பொறுப்பு. வெப்போம், அவசரமா என்ன? உங்க டம்ளருக்கு அடியில இருக்குதே, அதுகூட அவ மனுதான். எடுக்காதீங்க, மேசையில கறை பட்டுரும்.

ஆனா ஒண்ணு. உங்களை மாதிரி ஆளுங்க வந்து விதியைப் பத்திக் கேட்டா எனக்கு வராது, ரங்கநாயகிக்கும் வராது. அவளுக்கு அத்தனையும் மனப்பாடம். அதனால கூப்பிட்டு நிக்க வெச்சுச் சொல்லச் சொல்லுவேன். இருங்க. சீலி! இங்க வா. இந்த அம்மிணி கரூர்ல இருந்து வந்திருக்காங்க, கூட்டுறவு ஆரம்பிக்கப் போறாங்க. மொதல்ல என்ன பண்ணோணும்னு சொல்லு.

அட, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்க அம்மிணி. அவ நிப்பா, பழக்கம்தான். வேண்டாமுங்க, தண்ணிக்கேனை எறக்காதீங்க, கனமா இருக்கும். சொன்னாக் கேளுங்க. சரி, நின்னா நில்லுங்க. உங்க இஷ்டம்.

என்ன சீலி, வாயைத் திறந்து சொல்லு. விதி ஒண்ணு, விதி ரெண்டுன்னு சொல்லுவியே. அவங்க மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா? என்னது, நீ அவங்களைக் கேக்கறியா? உங்க ஊர்ல இதுக்கெல்லாம் ஓடறது யாருன்னு கேக்கறா அம்மிணி. ஓ, நீங்களேதானா? நீங்க ஒருத்தியேதானா? பாத்தாத் தெரியுது, கால்ல வெடிப்பு. எத்தனை பேரு சேந்திருக்காங்க இதுவரைக்கும்? இருபத்தஞ்சா? பரவாயில்லையே. அப்புறம் என்ன, ஆரம்பிச்சுர வேண்டியதுதான். இன்னும் ஒரு பெரிய டெய்லரம்மா வீட்டுக்கு நடந்துட்டு இருக்கீங்களா, ஒரு ஆளு கூட இருந்தா நல்லதுன்னு? நல்லதுதானுங்க, நானும் அப்பிடி வந்தவதான்.

என்ன சீலி? சத்தமாச் சொல்லு, காதுல உழுகலை.

"இருபத்தஞ்சோட நிறுத்திக்கிடுங்க. இருபத்தாறு வேண்டாம்."

இவ்வளவுதானா? இதைச் சொல்லத்தான் கூப்பிட்டனா? மூணு நாள் பயிற்சிக்குப் போயி வந்தவ பேசற பேச்சா இது? ஒண்ணு எச்சா இருந்தா என்னடி கொறைஞ்சு போகும்? நீதானே அன்னைக்கு மழையில வந்து நின்னுட்டுத் தைரியம்னே? போ, போ. டம்ளரை எடுத்துட்டுப் போ. இனி ஒறம்பறை வந்தா உன்னையக் கூப்பிடறதா இல்லை.

நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி. புருசன் போனதுல இருந்து அவளுக்கு இப்பிடித்தான், முன்னுக்குப் பின் பேசுவா. என்னங்க, பேனாவை எடுத்துட்டீங்க? காலையில இருந்து நான் பேசறேன், நோட்டு வெள்ளையாவே கெடந்துச்சு. அவ சொன்னதையா எழுதறீங்க? காட்டுங்க பாக்கலாம். இ... ரு... ப... அட, அதுக்கு அடியில ரெண்டு கோடு வேற போட்டு வெச்சிருக்கீங்க!